பொருள் எண் 47

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், நகராட்சிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகராட்சியைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். பெரிய திட்டங்களைப் பற்றிப் பேசலாம், தேர்தலைப் பற்றிப் பேசலாம். அவற்றைப் பேச ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலத்துக்கு மேல், மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிக்கும் மேசையில் இருந்தேன். ஆகவே யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். மாதாமாதம் நகர்மன்றத்தின் முன்னால் வந்து, ஒரு நிமிடம்கூட நிற்காமல் கடந்துபோகிற சாதாரணப் பொருள்களைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

ஆச்சியின் கேள்வி

1998 என்று நினைவு. கடைத்தெருவுக்குப் பின்னால் பெண்களுக்கான கழிப்பிடம் ஒன்று இருந்தது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் இல்லை, கதவைப் பூட்டிவிட்டார்கள். மோட்டாரைச் சரிசெய்ய 18,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு மதிப்பீடு வந்தது. நான்தான் அலுவலகக் குறிப்பு எழுதி அஜெண்டாவில் சேர்த்தேன். அது பொருள் எண் 47.

அந்த மாதக் கூட்டம் பன்னிரண்டாவது பொருளிலேயே சண்டையில் முடிந்தது. ஒரு தரப்பு வெளிநடப்பு செய்தது. மிச்சமிருந்த பொருள்கள் அடுத்த மாதத்துக்குப் போயின. அடுத்த மாதம் அந்த வார்டு உறுப்பினர் வரவில்லை. அவர் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் 'ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதினேன்.

கடைத்தெருவில் பூக்கட்டி விற்கிற ஓர் ஆச்சி அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக் கடைசியில் என்னிடம் வந்து நின்றார். விடிவதற்கு முன்னால் தண்டவாளத்துப் பக்கம் போகவேண்டியிருக்கிறது, வயசுப்பிள்ளைகளும் வருகிறார்கள், எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். "ஃபைல் கவுன்சில்ல இருக்கு ஆச்சி" என்றேன். அந்த மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது.

அவர் கேட்டார்: "கவுன்சிலு கவுன்சிலுன்னு சொல்லுதியே, அது எங்கய்யா இருக்கு? நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்."

என்னிடம் பதில் இல்லை. மாடியில் இருக்கும் மன்றக் கூடத்தைக் காட்டியிருக்கலாம். அன்று அது பூட்டிக் கிடந்தது. முப்பத்தாறு நாற்காலி, ஒரு மேடை, சுவரில் தலைவர்களின் படங்கள். அதையா கவுன்சில் என்று காட்டுவது? அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஆச்சிக்கு நான் தரவேண்டிய பதில்தான்.

ஒரு பொருளைப் படிப்பது எப்படி

பழைய 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே மன்றம் மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், உரிய விதிகளோடு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் கூட்டத்தின் உருவம் பெரிதாக மாறவில்லை. தலைவர் நடுவில், ஆணையாளர் பக்கத்தில், எதிரே உறுப்பினர்கள், பக்கவாட்டில் பொறியாளர், சுகாதார அலுவலர், வருவாய்ப் பிரிவினர். பொருள் எண் ஒன்று தொடங்கி நாற்பது ஐம்பது வரை போகும்.

ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக மாதிரிக்கு ஒன்றை நானே எழுதி வந்திருக்கிறேன். கேளுங்கள்.

"வார்டு எண் 14, பள்ளிக்கூடத் தெருவில் குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட உடைப்பினைச் சரிசெய்த வகையில் ஏற்பட்ட செலவினம் ரூ.48,500-ஐக் குடிநீர் மற்றும் வடிகால் நிதியிலிருந்து வழங்க மன்றத்தின் பின்னேற்பு கோரப்படுகிறது."

ஒரே வாக்கியம். இதில் ஐந்து செய்திகள் இருக்கின்றன. 'சரிசெய்த வகையில்' என்றால் வேலை முடிந்துவிட்டது. 'பின்னேற்பு' என்றால் அவசரம் என்று முன்பே செய்துவிட்டு, இப்போது மன்றத்திடம் ஒப்புதல் கேட்கிறார்கள். குழாய் உடைந்தால் கூட்டம் வரை காத்திருக்க முடியாது, ஆகவே அது நியாயமான வழிதான். எந்த நிதி என்பது மூன்றாவது செய்தி. நகராட்சிக்கு ஒரே பணப்பெட்டி கிடையாது. பொதுவான வருவாய் நிதி வேறு, குடிநீர் மற்றும் வடிகால் நிதி வேறு, கல்வி நிதி வேறு. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குச் செலவழித்தால் எங்கோ ஒரு பள்ளிச் சுவர் பூசப்படாமல் நிற்கும். நான்காவது, தொகை. ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய வரம்புக்குள் வராமல் தப்பிவிடலாம். ஆகவே பக்கத்துப் பக்கத்து எண்களில் ஒரே தெருவின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது செய்தி அந்த வாக்கியத்தில் எழுதப்படவில்லை. போன மாதத்து அஜெண்டாவையும் அதற்கு முந்தையவற்றையும் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். அதே பள்ளிக்கூடத் தெருவில் பிப்ரவரியில் ஓர் உடைப்பு, மே மாதத்தில் ஓர் உடைப்பு, இப்போது இன்னொன்று. அப்படியானால் அங்கே உடைந்தது குழாயில் ஓரிடம் என்று எண்ண முடியாது. அந்தக் குழாய்க்கே ஆயுள் முடிந்துவிட்டது. மூன்று பின்னேற்புகளையும் கூட்டினால் புதுக் குழாய்க்கு ஆகிற செலவில் ஒரு நல்ல பங்கு கிடைத்திருக்கும்.

நான் இத்தனை ஆண்டில் கற்றது இதுதான். தனியாக ஒரு தீர்மானம் சொல்லாததைப் பன்னிரண்டு மாதத் தீர்மானங்கள் சேர்ந்து சொல்லும். சாதாரணப் பொருள் என்று நாம் தள்ளிவிடுவது ஊரின் நாடித் துடிப்பு. ஒரு துடிப்பைத் தொட்டுப் பார்த்து எந்த வைத்தியரும் நோய் சொல்ல மாட்டார். தொடர்ந்து விரலை வைத்திருக்க வேண்டும். அந்த விரல் யாருடையது என்பதுதான் கேள்வி.

அரசியல் சட்டத்தில் சுடுகாடு

இதெல்லாம் சில்லறை வேலை, இதற்கு ஒரு மன்றமும் தேர்தலும் எதற்கு என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களை நம் அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையைப் படிக்கச் சொல்வேன். 74-ஆவது திருத்தத்தின் வழியாக 1993 ஜூன் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத் தக்க பதினெட்டுப் பணிகளின் பட்டியல் அது. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், பொது சுகாதாரம் என்று போய்க்கொண்டே இருக்கும். அதோடு நிற்காது. இடுகாடும் சுடுகாடும் அதில் இருக்கின்றன. தெருவிளக்கும் பேருந்து நிறுத்தமும் பொதுக் கழிப்பிடமும் இருக்கின்றன. ஆடு மாடு அறுக்கும் கூடம் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவு இருக்கிறது.

பேச்சுரிமையையும் சமத்துவத்தையும் எழுதிய அதே நூலில் தெருவிளக்கையும் சுடுகாட்டையும் எழுதியிருக்கிறார்கள். பேச்சுரிமை நீதிமன்றத்தில் காக்கப்படும். விடிவதற்கு முன்னால் ஒரு பெண் பயமின்றி நடக்கிற உரிமை, பதினேழாவது வார்டில் எரியாத மூன்று மின்கம்பங்களில் இருக்கிறது. அதைக் காக்கிற இடம் நகர்மன்றம்.

பல ஊர்களில் அஜெண்டாவின் தொடக்கத்திலேயே அந்த மாதம் ஊரில் பதிவான பிறப்பு, இறப்பு விவரம் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும். 'பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவோம். எனக்கு அது எப்போதுமே பெரிய விஷயமாகப் பட்டது. இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் போனார்கள் என்று ஊருக்குத் தெரிவிக்கிறோம். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதி சொல்கிறது. அந்தப் பதிவில் ஒரு பெயரின் எழுத்து பிசகினால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் அந்தப் பிசகைச் சுமந்து அலையும். சில்லறை வேலை என்று ஒன்று நகராட்சியில் கிடையாது. சில்லறை என்று நினைத்துச் செய்கிற வேலைதான் உண்டு.

தண்ணீர், சந்தை, பூங்கா

சில பொருள்களை எடுத்துக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

'பிளீச்சிங் பவுடர் கொள்முதல் செய்தல்' என்று ஒரு பொருள் அடிக்கடி வரும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தெருக்குழாயில் வந்து சேருகிற தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்பது கணக்கில்லை. கடைக்கோடித் தெருவில் குழாயைத் திறந்து, ஒரு சிறு குப்பியில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வர வழி திறந்திருக்கிறது என்று பொருள். பிளீச்சிங் பவுடர் பொருள் வருகிறபோது ஓர் உறுப்பினர் எழுந்து, "போன மாதம் எந்தெந்தத் தெருக்கோடியில் மஞ்சள் வரவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பதிவேடு அலுவலகத்தில் ஒழுங்காக எழுதப்படும். கேட்கிறவர் இருந்தால்தான் எழுதுகிறவர் கவனமாக எழுதுவார். இதை எழுதுகிறவனாக இருந்தவன் சொல்கிறேன்.

தண்ணீரின் அளவும் அப்படித்தான். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அது இல்லாமல் குழாய்த் தண்ணீர் மட்டும் உள்ள ஊரில் 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு வகுத்த கணக்கு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை எத்தனை குடம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும்.

அடுத்தது ஏலம். வாரச்சந்தை, தினசரி மார்க்கெட், வாகன நிறுத்துமிடம், பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றில் கட்டணம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு ஏலம் விடப்படும். போன முறையைவிட ஏலத்தொகை கூடியிருந்தால் மன்றத்தில் மகிழ்ச்சியாக அனுமதிப்பார்கள். வருமானம் கூடுவது நல்லதுதான். ஆனால் அந்தக் கூடுதல் தொகை யார் மடியிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஏலம் எடுத்தவர் தன் கைப்பணத்தைக் கொடுக்க மாட்டார். விடியற்காலையில் கீரைக்கட்டைத் தலையில் சுமந்து வருகிற அம்மாவிடம் சுங்கமாக வாங்கித்தான் ஈடுகட்டுவார். ஆகவே ஏலத்தொகையோடு கூட, கூடைக்கு எவ்வளவு, தலைச்சுமைக்கு எவ்வளவு என்கிற கட்டண விவரமும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். அதைச் சந்தை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் அந்த வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. சந்தையைப் பற்றிய பொருள் வரும்போது அந்தக் குழுவின் கருத்தைக் கேட்டீர்களா என்பது நியாயமான கேள்வி.

மூன்றாவது, தானப்பத்திரம். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலைக்கான இடத்தையும், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகவும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தானப்பத்திரத்தை ஏற்றுக்கொள்ளும் பொருள் அஜெண்டாவில் இரண்டு வரியில் வரும். அந்த இரண்டு வரிதான் நாளைக்குப் பிள்ளைகள் ஓடி விளையாடப்போகிற பூங்கா. ஏற்றுக்கொண்டதோடு விட்டுவிட்டால், நில அளவை செய்து, நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, வேலி போடாமல் விட்டுவிட்டால், பத்து வருடத்தில் அங்கே ஒரு கடை முளைக்கும். பிறகு அதை மீட்க வழக்கு, வாய்தா, வக்கீல் கட்டணம். அந்த வக்கீல் கட்டணமும் ஒரு பொருளாகவே மன்றத்துக்கு வரும். பூங்கா வர வேண்டிய இடத்தில் வக்கீல் கட்டணம் வருவதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

நான்காவது, தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் வாங்குகிற பொருள். அவர்களை நெடுங்காலம் துப்புரவுப் பணியாளர் என்று எழுதினோம். பிறகு அரசு தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியதை நான் மனதார வரவேற்றேன். ஆனால் பெயரின் மதிப்பு அந்தக் கையுறை ஏப்ரலில் கைக்கு வருகிறதா, பருவமழையும் முடிந்த பிறகு வருகிறதா என்பதில் இருக்கிறது. இந்தப் பொருள் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டால் நம் குப்பையை எடுக்கிறவர் இன்னொரு மாதம் வெறுங்கையால் எடுப்பார். 'ஒத்திவைக்கப்படுகிறது' என்ற சொல்லால் உடம்பு வலிக்கும் என்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

ஓரணாத் தீர்மானம்

சாதாரணப் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு பொருள் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவழிக்கலாம் என்பது தீர்மானம். அப்போது மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். அந்தப் பிள்ளைகள் மிக ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். மன்றம் ஏற்றது. பிறகு அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அன்றைய அரசு சொன்னதால் 1925 ஏப்ரலோடு அது நின்றது.

எந்த நிதி என்ற கேள்வி பிள்ளைகளின் தட்டுவரை வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஆனாலும் அந்த ஓரணா வீண்போகவில்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது மதிய உணவாக, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவாக அது வளர்ந்தது. கூட்டத்தில் ஐம்பதோடு ஐம்பத்தொன்றாக வந்த ஒரு பொருளை ஒருவர் எடுத்துப் படித்து, காரணம் சொல்லி, நிறைவேற்றிக் கொடுத்ததுதான் தொடக்கம்.

இந்த வேலையைச் சிறுமையாக நினைக்காத பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1910-களின் பிற்பகுதியில் ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் நகர்மன்றத் தலைவர்கள். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும், குழாயையும் சாக்கடையையும் பற்றிய கோப்புகளில் ஒரே காலத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். வல்லபபாய் பட்டேல் 1924 முதல் 1928 வரை அகமதாபாத் நகராட்சியின் தலைவர். காமராசர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழு நேரமும் கொடுக்க முடியாத பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார். நகராட்சி வேலைக்கு முழு நேரம் வேண்டும் என்று அவர் நினைத்தாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எழுதியவரே படித்த காலம்

நம் தலைமுறையிலேயே மன்றம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தமிழ்நாட்டு நகராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு, ஆணையாளரே தனி அலுவலர்.

அந்தக் காலத்திலும் தீர்மானப் புத்தகம் நிற்கவில்லை. ஆணையாளர் என்ற முறையில் பொருளை வைப்பார். தனி அலுவலர் என்ற முறையில் அவரே அனுமதிப்பார். நல்ல அதிகாரிகளோடுதான் நான் வேலை பார்த்தேன், ராப்பகலாக உழைத்தார்கள். ஆனால் எழுதியவரே படித்து, படித்தவரே ஒப்புக்கொண்டால், இடையில் 'ஏன்?' என்று கேட்க ஒரு குரல் இல்லை. மன்றக் கூடம் பூட்டிக் கிடந்தது. கையெழுத்துகள் மட்டும் நேரத்துக்கு விழுந்தன. சண்டை போடுகிற, வெளிநடப்பு செய்கிற, நேரத்தை வீணாக்குகிற மன்றத்தைப் பார்த்து நான் எத்தனையோ நாள் சலித்திருக்கிறேன். அது இல்லாதபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

2022 மார்ச்சில் புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் முன்னால் வந்து நின்றது சொத்துவரிச் சீராய்வு. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வரி கூடுவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் வரி கட்டுகிறவன் கேள்வி கேட்பான் என்பதையும் நினைக்க வேண்டும். இப்போதைய விதிப்படி அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். அதைப் பெற வரிசையில் நிற்கிறோம். அந்தப் பணம் எந்தப் பொருள் எண்ணில் செலவானது என்று பார்க்கவும் அதே அக்கறை வேண்டும்.

பதில்

இனி ஆச்சிக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதக் கூட்டத்துக்கு அவர் வந்துவிட்டார். கூட்டம் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, பொதுமக்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கூட இரண்டு பெண்கள். பத்துப் பொருள் முடிந்ததும், வழக்கம்போல ஓர் உறுப்பினர், மிச்சத்தைப் படிக்காமலே நிறைவேற்றிவிடலாம் என்ற பொருளில், "ஆல் பாஸ்" என்றார். தலைவர் நிமிர்ந்து அந்தப் பெஞ்சைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். "ஒவ்வொண்ணாப் படிங்க" என்றார்.

படித்தேன். கழிப்பிடத்து மோட்டார் வந்தது. ஓர் உறுப்பினர் "இது இன்னுமா கிடக்குது?" என்று கேட்டார். அனுமதிக்கப்பட்டது. அந்த வாரமே மோட்டார் ஓடியது. அந்தப் பெண்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியாது, பார்வையாளருக்குப் பேச இடமில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதில் என் பிழை ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். தலைவரின் முன் அனுமதி பெற்று முதல் வாரத்திலேயே மோட்டாரைச் சரிசெய்துவிட்டு, பின்னேற்புக்கு வைத்திருக்கலாம். குழாய் உடைந்தால் அப்படித்தானே செய்கிறோம்? பெண்கள் கழிப்பிடம் பூட்டிக் கிடப்பதும் அதே அளவு அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான்கு வரிக் குறிப்பு ஒன்று எழுதியிருப்பேன். மூன்று மாதத்து விடியற்காலைகள் அந்த நான்கு வரியில் இருந்தன.

கவுன்சில் எங்கே இருக்கிறது என்று ஆச்சி கேட்டார். அலுவலகக் குறிப்பை எழுதுகிறவனின் மனசாட்சியில் கொஞ்சம் இருக்கிறது. அதைப் படித்துக் கேள்வி கேட்கிற உறுப்பினரிடம் கொஞ்சம் இருக்கிறது. மிச்சம் அந்தப் பெஞ்சில் இருக்கிறது. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் மற்ற இரண்டும் தூங்கிவிடும்.

ஆகவே இந்த வாசகர் வட்டத்திடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, மாதாமாதம் அஜெண்டாவையும் தீர்மானங்களையும் அறிவிப்புப் பலகையிலும் நகராட்சியின் இணையதளத்திலும் போடச் சொல்லிக் கேளுங்கள். மக்கள் கேட்காமலே தகவலை வெளியிடுவது பொது அமைப்புகளின் கடமை என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. இரண்டாவது, இங்கே புத்தகம் படிப்பதுபோல அதையும் உட்கார்ந்து படியுங்கள். வார்டு வாரியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கே, எவ்வளவு, எந்த நிதி, இதே இடத்துக்கு இதற்கு முன் எப்போது என்ற நான்கு கேள்வி போதும். ஒரு வருடத்தில் அந்த நோட்டு ஊரை நன்கு அறிந்த நோட்டாகிவிடும். மூன்றாவது, 2022 முதல் வார்டுகளில் பகுதி சபா என்ற அமைப்பு வந்திருக்கிறது. மன்றத்தில் பேச இடமில்லாத நமக்கு அங்கே பேச இடம் இருக்கிறது. நோட்டோடு அங்கே போங்கள். கோபத்தோடு போகிறவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிடலாம், நோட்டோடு வருகிறவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உறுப்பினர்களாக இருப்பவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று. 'ஆல் பாஸ்' என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு வாக்களித்தவர்களின் குழாயும் விளக்கும் கழிப்பிடமும் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கின்றன. அரைமணி நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு நான் மன்றக் கூட்டங்களுக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். அதில் பத்துப் பேர் உட்காரலாம். போன மாதம் நான் மட்டும் இருந்தேன். அடுத்த மாதம் நான் போகும்போது அங்கே எனக்கு இடம் கிடைக்கக் கூடாது.